பெற்றோர் கையொப்பம்

ஜூன் 23, திங்கள்

தினமும் நடந்ததை எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். அவர் சொன்னது காலையில் நடக்கிற நடையை. சர்க்கரை ஏறிவிட்டதாம். பேக்கரிக்காரனுக்கு ஏறாமல் வேறு யாருக்கு ஏறும்? மனைவி ஹெலன் தன் பள்ளிக்கூடத்தில் கொடுத்த டைரி ஒன்றை எடுத்துத் தந்தாள்.

இன்று நடந்தது: இருபது நிமிடம். சர்ச் வரை போய்த் திரும்பினேன்.

மற்றபடி நடந்தது: மகள் பெனிட்டாவைச் சேலத்தில் ஹாஸ்டலில் விட்டுவிட்டு நேற்று எங்கள் ஊர் திசையன்விளை வந்து சேர்ந்தோம். பி.எஸ்சி. ஜியாலஜி. கல்லையும் மண்ணையும் பற்றிய படிப்பு. இங்கே யாரிடம் சொன்னாலும் "கல்லுல என்னத்த படிக்க?" என்கிறார்கள். எனக்கும் அதே கேள்விதான். ஆனால் அவள் ப்ளஸ் டூ முடித்ததும் இதைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று நின்றுவிட்டாள்.

அவளுக்குப் பதினாறு வயது நாலு மாதம். ஹெலன் ஆரம்பப் பள்ளி டீச்சர். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நாலு வயதிலேயே பிள்ளையைக் கையோடு கூட்டிப்போய் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டாள். அன்று செய்தது இன்று இங்கே வந்து நிற்கிறது. கல்லூரி ஆபீஸ் கிளார்க் பிறந்த தேதியைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார், பெனியின் படிவத்தில் 'மைனர்' என்று சிவப்பு முத்திரை குத்தினார்.

"பதினெட்டு முடியுற வரைக்கும் எல்லாத்துக்கும் உங்க கையெழுத்துதான் சார்" என்றார்.

எனக்கு அது கேட்க நன்றாகத்தான் இருந்தது. பெனிக்கு இல்லை. "நான் காலேஜ்ல சேர்ந்திருக்கேனா, பால்வாடியிலயா?" என்று அவரிடமே கேட்டாள். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

நடை: பதினைந்து நிமிடம். மழை.

கல்லூரிக்காரர்கள் என் ஃபோனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பெனி ஹாஸ்டல் கேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் எனக்கு டிங் என்று ஒரு சத்தம் வரும். 'அனுமதி', 'மறுப்பு' என்று இரண்டு பட்டன். அருமையான ஏற்பாடு. இன்று முதல் டிங். சோப்பு வாங்க. அவளைக் கூப்பிட்டு எந்தக் கடை, எவ்வளவு தூரம், யார் கூட வருகிறார்கள் என்று கேட்டுவிட்டு அனுமதித்தேன். திரும்பி வந்தாளா என்று கேட்க இன்னொரு முறை கூப்பிட்டேன். என்ன சோப்பு என்று கேட்க ஒரு முறை.

ஜூலை 19, சனி

நடை: இல்லை.

சினிமாவுக்குப் போக அனுமதி கேட்டாள். மறுப்பு. தோழியின் அக்கா கல்யாணம், மேட்டூர். மறுப்பு. ஐஸ்கிரீம். அதற்கு மட்டும் யோசித்தேன். மறுப்பு, தொண்டைக்கு ஆகாது.

ஹெலன் சொன்னாள்: "கடையில கூட நீங்க இவ்வளவு கண்டிப்பா இருந்ததில்ல. போன வாரம் கருகுன ரஸ்க்கைக்கூட பரவாயில்லன்னு வித்தீங்க."

ரஸ்க் வேறு, பிள்ளை வேறு.

ஆகஸ்ட் 6, புதன்

தேங்காய் பன் அறுபது போட்டேன். கடைக்கு நாற்பது போதும். மீதியைச் சேலம் பஸ்ஸில் பார்சல் போட்டேன். ஹாஸ்டல் சாப்பாடு எப்படியோ என்ன எழவோ என்றுதான். போன வாரமும் அனுப்பினேன், அதற்கு முந்தின வாரமும்.

ஹாஸ்டல் காப்பாளர் அம்மா கூப்பிட்டார். மரியாதையான பெண்மணி. "சார், பன்னு நல்லா இருக்குங்க, எல்லாப் பிள்ளைங்களும் சாப்பிடுறாங்க. ஆனா ஒரு நாளைக்கு மூணு தடவை ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிடாதீங்க. உங்க பொண்ணு நல்லா இருக்கா. ஏதாவதுன்னா நாங்களே சொல்றோம்."

சரி என்றேன். இனி இரண்டு முறை.

செப்டம்பர் 28, ஞாயிறு

பெனி பூஜை லீவுக்கு வந்திருக்கிறாள். பை நிறையக் கல். துணி இரண்டு செட்தான் கொண்டு வந்தாள். மேசை மேல் வரிசையாக வைத்து ஹெலனுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். எனக்குக் காட்டவில்லை. நான் கடைக்கும் வீட்டுக்குமாக நாலைந்து முறை அந்தப் பக்கம் போனேன்.

சாப்பிடும்போது நானே கேட்டேன். "என்னட்டி, அப்பாகிட்ட பேச்சில்லையா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "எங்க ரூம்ல நாலு பேரு. மூணு பேருக்குப் பதினெட்டு ஆயிட்டு. அவங்க நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு வெளிய போறாங்க. நான் மட்டும் உங்க ஃபோன்ல பட்டன் அமுக்குற வரைக்கும் கேட்ல நிக்கேன். போன மாசம் ஒருநாள் ஒரு மணி நேரம் நின்னேம்ப்பா. வாட்ச்மேன் பாவம்னு ஸ்டூல் போட்டுக் குடுத்தாரு."

அன்றைக்கு என் கையெல்லாம் மாவு. ஃபோன் கல்லாப் பெட்டிக்குள் கிடந்தது. அதைச் சொன்னேன்.

"தெரியும்ப்பா. உங்க மேல தப்புன்னு சொல்லல. நின்னேன்னு சொல்லுதேன்."

"பதினாறு வயசுப் பிள்ளைய நாங்க எப்படி..." என்று ஆரம்பித்தேன்.

ஹெலன் குறுக்கே வந்தாள். "உங்கப்பா பதினைஞ்சு வயசுல யார்கிட்டயும் சொல்லாம கொல்லத்துக்கு ஓடிப்போயி பேக்கரில சேர்ந்தவரு. அவரு பேசுதாரு."

அது வேறு விஷயம். அந்தக் காலம் வேறு. அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

அக்டோபர் 6, திங்கள்

பெனியை பஸ் ஏற்றிவிட்டேன். நடை: நாற்பத்தைந்து நிமிடம். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன், சுற்று வழியாக.

நவம்பர் 14, வெள்ளி

இரண்டு செய்திகள் ஒரே நாளில்.

ஒன்று: 'உங்கள் மகள் பெனிட்டா புதன்கிழமை பிற்பகல் ஆங்கில வகுப்புக்கு வரவில்லை.' தொடர்ந்து மூன்று புதன்.

இன்னொன்று: ஜனவரியில் எட்டு நாள் களப்பயிற்சி. கொல்லிமலை அடிவாரத்தில் தங்கி, மலையைச் சுற்றி வரைபடம் போட வேண்டுமாம். பெற்றோர் கையொப்பம் வேண்டும். போகாவிட்டால் அந்தத் தாளில் மதிப்பெண் இல்லை.

"அவளையே கேளுங்க, புதன்கிழமை எங்க போறான்னு" என்றாள் ஹெலன்.

கேட்கவில்லை. கேட்டால் அவள் ஒன்று சொல்வாள், அதை நான் நம்ப வேண்டியிருக்கும்.

நவம்பர் 17, திங்கள்

பக்கத்து ஊர் மகளிர் கல்லூரியில் விசாரித்தேன். பி.காம். முதல் வருடத்தில் இரண்டு இடம் காலியாம். டி.சி. வாங்கி வந்தால் அடுத்த செமஸ்டரில் சேர்த்துக்கொள்வார்களாம். பஸ்ஸில் இருபது நிமிடம். காலையில் போனால் சாயங்காலம் நாலரைக்கு வீட்டில் இருப்பாள். கடை வழியாகத்தான் பஸ் வரும்.

பிள்ளையின் நன்மைக்குத்தான் யோசிக்கிறேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மதுரைக்கு ஒரு கரண்ட் ஓவன் பார்க்கப் போவதாக ஹெலனிடம் சொன்னேன். பஸ் மதுரை வழியாகத்தான் போகிறது. எனவே பெரிய பொய் இல்லை.

நவம்பர் 20, வியாழன்

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

காலை பத்து மணிக்குக் கல்லூரி ஆபீசில் இருந்தேன். அதே கிளார்க். பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டும், டி.சி. வேண்டும் என்றேன். காரணம் கேட்டார். குடும்பச் சூழ்நிலை என்றேன். ஒரு தாளை எடுத்து நீட்டினார். என் பெயர், அவள் பெயர், வகுப்பு, கீழே ஒரு கோடு.

"பிள்ளை கையெழுத்து எங்க போடணும்?"

"தேவையில்லைங்க. மைனர்தானே. நீங்க போட்டா போதும். துறைத் தலைவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க, மதியத்துக்குள்ள முடிச்சிடலாம்."

போட்டேன். ஒரு கோடுதான். பிரெட் பாக்கெட் சப்ளைக்குக்கூட நான் மூன்று இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

துறைத் தலைவர் திலகவதி மேடம் வகுப்பில் இருந்தார். மத்தியானம் வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு மாடிக்குப் போனேன். நீளமான வராந்தா. கடைசி அறையில் சுவரெல்லாம் கண்ணாடி அலமாரி, அலமாரி நிறையக் கல். ஜன்னல் ஓரம் தரையில் ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பழைய மரப்பெட்டிகள். கண்ணில் ஒரு சின்ன லென்ஸை ஒட்டி வைத்துக்கொண்டு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அதை நக்கினாள். மறுபடி பார்த்தாள். ஏதோ ஒரு நோட்டில் எழுதினாள். அடுத்த கல்லை எடுத்தாள்.

புதன்கிழமை பிற்பகல். என் மகள்.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. அவள் பத்துப் பன்னிரண்டு கல் பார்த்திருப்பாள். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு எழுதினாள். நான் கேக் மேல் பெயர் எழுதும்போது அப்படித்தான் கடிப்பேன் என்று ஹெலன் கேலி செய்வாள்.

பின்னாலிருந்து, "நீங்க யாருங்க?" என்றது ஒரு குரல். திலகவதி மேடம். ஐம்பது வயது இருக்கும், செருப்புக்குப் பதில் கான்வாஸ் ஷூ. நான் தாளை நீட்டினேன். அவர் படித்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போடணும்னா பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்கணுங்க."

"சட்டப்படி நான் போட்டா போதும்னு ஆபீசில சொன்னாங்க."

"சட்டப்படி உங்க உரிமைதானுங்க. நான் சட்டத்தைப் பத்திச் சொல்லல. கேட்பேன்னு சொன்னேன்." உள்ளே பார்த்து, "பெனிட்டா, இங்க வா" என்றார்.

அவள் வந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் முகம் மலர்ந்தது. அது நிஜம், நான் பார்த்தேன். பிறகு மேடம் கையில் இருந்த தாளைப் படித்தாள். மலர்ச்சி போய்விட்டது.

"என்னைக் கேக்காமயா?" என்றாள்.

"மூணு வாரமா இங்கிலீஷ் வகுப்புக்குப் போகலையே நீ."

மேடம் திரும்பினார். "என்னது? இந்த நேரம் ஃப்ரீன்னு சொன்னியே எங்கிட்ட?"

பெனி தரையைப் பார்த்தபடி சொன்னாள். பெட்டிகளில் பழைய கற்கள் பெயர் இல்லாமல் கிடந்தனவாம். அடையாளம் கண்டு பட்டியல் போட யாராவது வருகிறீர்களா என்று மேடம் கேட்டாராம். இவள் மட்டும் கை தூக்கியிருக்கிறாள். நேரம் இல்லாததால் இங்கிலீஷ் வகுப்பை விட்டிருக்கிறாள்.

"தப்புதான்" என்றாள். "திட்டுங்க. ஒரு மாசம் வெளிய விடாதீங்க. அதுக்காகப் படிப்பையே எடுப்பீங்களாப்பா?"

மேடம் திட்டினார். நான் திட்ட நினைத்ததை எல்லாம் அவரே, என்னைவிட நன்றாகத் திட்டினார். இங்கிலீஷ் பாஸ் பண்ணாதவள் கல்லை வைத்துக்கொண்டு வீடா கட்டப் போகிறாள் என்று கேட்டார். அடுத்த புதனிலிருந்து வகுப்பில் முதல் வரிசை, இந்த அறைக்குச் சனிக்கிழமை மட்டும் என்றார். கடைசியாக, "கல்லை நாக்குல வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது, தண்ணி பாட்டில் எதுக்கு இருக்கு?" என்றும் கேட்டார். ஈரமானால் கல்லின் மணிகள் தெளிவாகத் தெரியுமாம். பிறகு தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "ரெண்டு பேரும் கேன்டீன்ல போய் உட்கார்ந்து பேசுங்க. நாலு மணி வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

கேன்டீனில் பப்ஸ் வாங்கினோம். மாவு மடிப்பே சரியில்லை. அதைச் சொன்னேன். அவள் வேறு ஒன்று கேட்டாள்:

"நீங்க கொல்லத்துக்குப் போனப்ப தாத்தா உங்களத் தேடி வரலையா?"

இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை, ஹெலனிடம்கூட. ஏனோ சொன்னேன். நான் போன மூன்றாவது வாரம் அப்பா வந்தார். சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். எதிர்ப்பக்கம் நின்று நான் மாவு உருட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பயத்தில் தலையே தூக்கவில்லை. அப்புறம் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பன் வாங்கித் தின்றார். "இது இவன் போட்டதா?" என்று முதலாளியிடம் கேட்டார். ஆமாம் என்றார் முதலாளி. அப்பா ஒரு பையை என்னிடம் கொடுத்தார். அதில் இரண்டு பனியன், ஒரு டார்ச் லைட். "லெட்டர் போடு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

"வீட்டுக்கு வான்னு கூப்பிடவே இல்லையா?"

"இல்ல."

"கோபமா அவருக்கு?"

"இருபது வருஷமா நானும் அதைத்தான் யோசிச்சேன். கேக்குறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாரு."

பெனி பப்ஸின் ஓரத்தைப் பிய்த்தபடி இருந்தாள். "பன் எப்படி இருந்துச்சாம்?"

"சொல்லல. ஆனா ரெண்டும் தின்னாரு."

அவள் சிரித்தாள். நானும். சிரித்ததில் கண்ணில் நீர் வந்துவிட்டது, எனக்கு அடிக்கடி அப்படி ஆகும்.

டி.சி. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். களப்பயிற்சிப் படிவம் எங்கே என்று கேட்டேன். நோட்டுக்குள் வைத்திருந்தாள். பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் போட்டேன். பிறகு பேனாவை அவளிடம் கொடுத்தேன்.

"நீயும் கீழ போடு."

"என் கையெழுத்து செல்லாதுப்பா. எனக்கு இடமே விடல பாருங்க."

"காலேஜுக்குச் செல்லாது. எனக்குச் செல்லும். போடு."

போட்டாள். 'பெ' மட்டும் பெரிதாக, மீதியெல்லாம் ஒரே கிறுக்கல். பதினாறு வருடம் வளர்த்திருக்கிறேன், அவள் கையெழுத்தை நேற்றுதான் முதல்முறை பார்த்தேன்.

கிளம்பும் முன் மேடத்திடம் போய் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னோம். பெனி ஒரு கல்லையும் லென்ஸையும் என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். உள்ளே சர்க்கரைத் தூள் கொட்டினாற்போல மினுங்கியது. நக்கவில்லை. டாக்டர் கோபித்துக்கொள்வார்.

நவம்பர் 21, வெள்ளி

"ஓவன் எப்படி இருந்துச்சு?" என்றாள் ஹெலன்.

"பரவாயில்ல. சூடு கொஞ்சம் அதிகம்."

"இங்கிலீஷ் வகுப்புக்குப் போறேன்னு சொல்லுதாளா?"

பெனி புதன்கிழமை சாயங்காலமே அம்மாவுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். நான் வீடு வந்து சேரும் முன்பே எல்லாம் தெரிந்திருக்கிறது. ஹெலன் திட்டவில்லை. என் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையிலிருந்த தாளை எடுத்து வாசித்தாள். அடுப்பு பற்றவைக்க அதைத்தான் உபயோகித்தாள்.

டிசம்பர் 3, புதன்

வெளியே செல்ல அனுமதி கேட்டு டிங். என்ன ஏது என்று பார்க்காமல் பட்டனை அழுத்தினேன். அழுத்திய பிறகு பார்த்தேன். டூத் பேஸ்ட்.

டிசம்பர் 24, புதன்

பிளம் கேக் ஆர்டர் தலைக்கு மேல். பெனி லீவில் வந்து பெயர் எழுதும் வேலையை எடுத்துக்கொண்டாள். ஒரு கேக்கில் 'கிறிஸ்துமஸ்' என்பதில் 'ஸ்' விட்டுவிட்டாள். வாங்கியவர் கவனிக்கவில்லை. நடைக்கு நேரமில்லை.

ஜனவரி 2, வெள்ளி

இன்று களப்பயிற்சிக்குக் கிளம்பினார்கள். அங்கே சிக்னல் கிடைக்காதாம். தினமும் கூப்பிட முடியாது என்று முன்பே சொல்லிவிட்டாள்.

ஜனவரி 3, சனி

ஃபோன் இல்லை.

ஜனவரி 4, ஞாயிறு

ஃபோன் இல்லை. சர்ச்சில் பிரசங்கம் எதைப் பற்றி என்று ஹெலன் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

மத்தியானம் திலகவதி மேடம் சிக்னல் கிடைக்கிற ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கூப்பிட்டார். ஹெலன் சாப்பாட்டு இடைவேளைக்குக் கடைக்கு வந்திருந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"பயப்படாதீங்க சார். பெனிட்டா நேத்து சாயங்காலம் பாறையிலிருந்து இறங்கறப்ப கால் பிசகிடுச்சுங்க. டாக்டர் பார்த்துட்டார், எலும்பு முறிவு இல்ல, கட்டுப் போட்டிருக்கு. இன்னும் மூணு நாள் பயிற்சி இருக்கு. நீங்க வந்து கூட்டிட்டுப் போறதுன்னா போகலாம். இங்க இருக்கட்டும்னா நாங்க பார்த்துக்கறோம். மைனர்ங்கறதால நீங்கதான் முடிவு சொல்லணும்."

உள்ளே ரொட்டி வேகிற நேரம். நான் கையைக்கூடத் துடைக்கவில்லை. "ஃபோனை அவகிட்ட குடுங்க மேடம்" என்றேன்.

"யப்பா."

"வலி எப்படி இருக்கு? மறைக்காம சொல்லு."

"நேத்து உயிர் போச்சு. இன்னைக்குப் பரவாயில்ல. நடந்தா வலிக்கு, உட்கார்ந்தா இல்ல."

"நீ என்ன சொல்லுத?"

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"இருக்கேம்ப்பா. மலை ஏற முடியாது. மத்தவங்க அளந்துட்டு வாரதை எல்லாம் கீழ உட்கார்ந்து வரைபடத்துல நான் போடுதேன். எங்க குழுவுல எனக்குத்தான் கோடு நல்லா வரும். ரொம்ப வலிச்சா நானே கூப்பிடுவேன், வாங்க."

"சரி. மேடம்கிட்ட குடு." மேடம் வந்ததும் சொன்னேன்: "அவ சொன்னதுதான் மேடம் என் முடிவு."

ஃபோனை வைத்தேன். திரும்பிப் பார்த்தால் ஹெலன் பிஸ்கட் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். ஆறு மாதமாக எனக்குப் புத்தி சொன்னவள்.

"என்ன மனுஷன் நீங்க? பச்சப்பிள்ள. போய்க் கூட்டிட்டு வாங்க."

"அவ இருக்கேன்னு சொல்லுதா."

"அவ சொல்லுவா. பதினாறு வயசுல அவளுக்கு என்ன தெரியும்?"

சூடாக ஒரு டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அந்தச் சந்தடியில் ஒரு தட்டு ரொட்டி கருகிவிட்டது.

ஜனவரி 9, வெள்ளி

பயிற்சி முடிந்ததாம். அவர்கள் குழு வரைபடத்தைத்தான் துறைச் சுவரில் மாட்டப் போகிறார்களாம். இதைச் சொல்ல பெனி கூப்பிட்டாள். காலைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் சொன்னாள். இங்கிலீஷில் அறுபத்திரண்டு. அதையும் நான் கேட்ட பிறகுதான்.

ஜனவரி 13, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பொங்கல் கூட்டம். பெனி எல்லோரும் இறங்கும் வரை காத்திருந்து, கடைசியாகக் கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கினாள். இடது காலில் கட்டு. முகம் வெயிலில் கறுத்து, மூக்குத் தோல் உரிந்திருந்தது. கண்டக்டர் அவள் பின்னால் ஒரு சாக்குப் பையை இறக்கி வைத்தார். "என்ன பாப்பா, இதுல இரும்பா இருக்கு?" என்றார்.

"கல்லுண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். "ஆமா, கல்லுதான்" என்றேன்.

நான் அவள் தோளைத் தாங்கிப் பிடிக்கக் கை நீட்டினேன். அவள் என் கையில் சாக்குப் பையைக் கொடுத்தாள். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. தூக்கி நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் நொண்டிக்கொண்டே ஆட்டோ ஸ்டாண்டு வரை போய், வாடகை பேசத் தொடங்கியிருந்தாள்.